பட்டாளத்துக்கு நேர்ந்துவிட்ட பிள்ளை: ஒரு திருவாதவூர்ப் பயணம்

யானைமலையைப் பற்றிப் போன பதிவில் எழுதியபோது, அப்படியே திருவாதவூருக்கும் ஒரு எட்டு போய்வரலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். போன மாதம்தான் நானும் போய்வந்தேன், காரில், ஏசி போட்டுக்கொண்டு. ஆனால் அந்த ஊருக்கு நான் முதன்முதலில் போனது இப்படியில்லை. எண்பதுகளின் கடைசியில் ஒரு மாசி மாதம், ராணுவத்தின் சக்திமான் லாரியில், டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் சுருட்டிய போதை ஒழிப்புப் படங்களை வைத்துக்கொண்டு போனேன். அதனால் இந்தப் பதிவில் வழித்தகவல் கொஞ்சம், அந்தக் கதை நிறைய. தகவல் மட்டும் போதும் என்பவர்கள் நேரே கீழே போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அப்போது நான் மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் உயிரியல் டீச்சர். கல்யாணம் ஆகவில்லை, எங்கே வேண்டுமானாலும் அனுப்ப வசதியான ஆள். ஊருக்குள் பவுடர் புகுந்திருந்த நேரம் அது. பத்திரிகைகளில் பிரவுன் சுகர் என்று எழுதுவார்கள், தெருவில் அதற்குப் பெயர் பவுடர்தான். கடற்கரைப் பக்கமிருந்து சாலை வழியாக வருகிறது என்று போலீஸ் சொன்னது. சோதனைச்சாவடிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள நல்ல வயர்லெஸ் இல்லை என்று மாவட்ட நிர்வாகம் ராணுவத்திடம் உதவி கேட்டது. ராணுவமும் ஒரு லாரி, ஒரு ஜெனரேட்டர், ஒரு வயர்லெஸ் செட், அதை இயக்க ஒரு ஹவில்தார், கூட இரண்டு ஜவான்கள் என்று ஒரு மாதத்துக்குக் கொடுத்தது.

அதோடு விட்டிருக்கலாம். பகலில் லாரி சும்மாதானே நிற்கிறது, அதையே விழிப்புணர்வுப் பிரச்சாரத்துக்கும் அனுப்பலாமே என்று ஏதோ ஓர் அதிகாரிக்குத் தோன்றிவிட்டது. அதில் பேச என்னைப் பிடித்துப்போட்டு, பெரியாஸ்பத்திரியில் ஒரு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். லாரியின் பின்பக்கம் பவுடர் பிடிக்கிற போலீஸ் எஸ்.ஐ., முன்பக்கம் பவுடரை விடச் சொல்கிற நான். இதைவிடச் சிக்கனமான திட்டத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை. இதைவிட மக்குத்தனமான திட்டத்தையும் பார்த்ததில்லை.

ஹவில்தாரின் பெயர் சந்தியாகு, சிவகங்கைப் பக்கத்துக்காரர். மீசையைத் தடவாமல் அவரால் ஒரு வாக்கியம் பேச முடியாது. நான் புராட்டஸ்டண்ட், அவர் கத்தோலிக்கர் என்பது தெரிந்த நிமிடத்திலிருந்து வம்புதான். "உங்க கோயில்ல மாதாவே கெடையாதாமே எஸ்தர் டீச்சர், அப்பறம் கஷ்டம்னா யார்ட்டத்தான் போய் மொறையிடுவீங்க?" என்று கேட்பார். எஸ்.ஐ. சிரிக்க மாட்டார். அவர் பேசுவதே குறைவு.

காலை ஏழு மணிக்குத் தல்லாகுளத்திலிருந்து கிளம்பினோம். முதல் நிறுத்தம் செல்லூர். அந்தச் சந்துகளுக்குள் எங்கள் லாரி நுழையாது என்பதால் முனையில் நிறுத்தி மைக் கட்டினோம். எஸ்.ஐ.யின் பூட்ஸ் தரையில் பட்டதுமே தெருவில் கதவுகள் சாத்திக்கொண்டன. விசைத்தறிக் கூடங்களில் எங்களுக்காகத் தறியை நிறுத்துவார்கள் என்று நினைத்தேன், கூடுதலாக இரண்டை ஓட்டிவிட்டார்கள் என்றுதான் தோன்றியது. நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. ஒரு டீக்கடைக்காரர் மட்டும் கடைசிவரை கவனமாகக் கேட்டார். முடிந்ததும் ஜவான்கள் குடித்த டீக்கு யார் காசு கொடுப்பது என்று விசாரித்தார்.

செல்லூரிலிருந்து கிளம்பி ஒத்தக்கடை வந்து சேரப் பத்து மணிக்கு மேல் ஆகிவிட்டது. மதுரையிலிருந்து ஒத்தக்கடை பத்து கிலோமீட்டர். யானைமலை நிழலில் லாரியை நிறுத்தி இட்லி சாப்பிட்டோம். அங்கேதான் எஸ்.ஐ.யிடம் நான் கொஞ்சம் சூடாகவே கேட்டேன், நீங்கள் யூனிபார்மில் வந்து நின்றால் எந்தப் பையன் என்னிடம் வாய் திறப்பான் என்று. அவர் கோபப்படவில்லை. போன மாதம் ஒரு தறிக்கூடத்தின் பின்னால் ஒரு பையனின் உடலை அவர்தான் எடுத்திருக்கிறார், கையில் பவுடர் இழுத்த சிகரெட் பெட்டி வெள்ளித்தாள் அப்படியே இருந்ததாம். "ஒரு பொட்டலத்த விட்டா அது இன்னும் பத்துப் பேருக்குப் போகும் டீச்சர். நான் பிடிச்சுத்தான் ஆகணும்" என்றார். மனிதர் மேல் இருந்த எரிச்சல் பாதியாகக் குறைந்துவிட்டது.

ஒத்தக்கடையில் மேலூர் சாலையை விட்டு வலது பக்கம் திரும்பினால் திருவாதவூருக்கு இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம். அப்போது அது குண்டும் குழியுமான ஒற்றைச் சாலை. அறுப்பு முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். எதிரே மாட்டுவண்டி வந்தால் யாராவது ஒருவர் வயலில் இறங்கியாக வேண்டும், லாரியைப் பார்த்ததும் அவர்களே இறங்கினார்கள். டவுன் பஸ்சில் வந்திருந்தால் ஒரு ரூபாய் எண்பது காசு டிக்கெட், ஒரு மணி நேரம். எங்களுக்கு அதைவிட அதிக நேரம் ஆனது.

ஊருக்குள் நுழைந்ததும் எனக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி. செல்லூரில் ஒரு ஆள் வரவில்லை, இங்கே லாரியைப் பார்த்ததும் இளவட்டங்கள் எல்லாம் வீட்டைப் பார்த்து ஓடினார்கள். அரை மணி நேரத்தில் திரும்பி வந்து கண்மாய்க்கரையில் தாங்களாகவே உயரவாரியாக வரிசையில் நின்றார்கள். எல்லோரும் சட்டையைக் கழற்றியிருந்தார்கள். பலர் கையில் மஞ்சள் பை, அதற்குள் பள்ளிக்கூடச் சர்டிபிகேட். சிலர் அவசரமாக முடி வெட்டிக்கொண்டு வந்திருந்தார்கள், கழுத்தில் இன்னும் முடித்துணுக்கு ஒட்டியிருந்தது. போதை ஒழிப்பில் இம்புட்டு ஆர்வமா என்று வியந்து படங்களை விரிக்க ஆரம்பித்தேன். சந்தியாகு பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"டீச்சர், இது உங்க கூட்டம் இல்ல. பட்டாளத்துக்கு ஆள் எடுக்க வந்திருக்கோம்னு நெனச்சுட்டாங்க."

எங்கள் பக்கத்தில் பட்டாளத்து லாரி ஒரு ஊருக்கு வந்தால் அதற்கு வேறு அர்த்தமே கிடையாது. எங்களில் ஒருவருக்கும் அது முன்கூட்டி உறைக்கவில்லை. சந்தியாகு மைக்கைப் பிடித்து, ஆள் எடுக்க வரவில்லை, டீச்சர் பேசுவதைக் கேட்டுவிட்டுப் போங்கள் என்று மூன்று முறை அறிவித்தார். ஒருவரும் அசையவில்லை. முன்வரிசையில் நின்ற ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம், "அப்படித்தான் மாப்ள சொல்வாய்ங்க. யாரு பொறுமையா நிக்கிறாங்கன்னு பாக்குறாய்ங்க" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. சரி, நிற்கிற கூட்டத்துக்காவது பேசுவோம் என்று அரை மணி நேரம் பேசினேன். நெஞ்சை விடைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி நின்றார்கள். நான் காட்டிய படங்களை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, திரும்பினால் தேர்வு போய்விடும் என்று பயம்.

அப்போதுதான் வரிசையின் கடைசியில் மாலை போட்ட ஒருவனைப் பார்த்தேன். இருபத்திரண்டு வயது இருக்கலாம். கழுத்தில் அரளிமாலை, நெற்றி நிறைய திருநீறு, மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. பக்கத்தில் அவன் கையை இறுகப் பிடித்தபடி ஓர் அம்மா. உச்சி வெயிலில் அவன் உடம்பெல்லாம் புல்லரித்துக் கிடந்தது. கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்தது, கொட்டாவி மேல் கொட்டாவி விட்டான். பெரியாஸ்பத்திரியில் இந்தக் கோலத்தில் பலரைப் பார்த்திருந்தேன். பவுடர் பழகிய உடம்பு அது கிடைக்காதபோது இப்படித்தான் ஆகும். சந்தியாகுவிடம் காதோடு காதாகச் சொன்னேன். எஸ்.ஐ. வேப்பமரத்தடியில் வயர்லெஸ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், பத்தடி தூரம்தான்.

அதற்குள் அந்த அம்மா பையனை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். பெயர் இருளாயி. கும்பிட்டுவிட்டுச் சந்தியாகுவிடம் நேராகப் பேசினார்.

"சாமி, இவன அய்யனார் முன்னால வச்சுப் பட்டாளத்துக்கு நேந்துவிட்டுட்டேன். கூட்டிட்டுப் போயிருங்க."

ஊர்ப்பக்கம் பழகாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆட்டையோ மாட்டையோ சாமிக்கு என்று நேர்ந்துவிட்டால் அதன்பிறகு அது சாமியுடையது. வீட்டுக்காரர்கள் அதை மறுபடி கட்டித் தங்கள் வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டார்கள். பட்டாளத்தில் சேர்த்தால் எப்படிப்பட்ட பிள்ளையும் திருந்திவிடும் என்ற நம்பிக்கை எல்லா வீட்டிலும் உண்டு. இந்த இரண்டையும் சேர்த்து ஒரு தாய் இப்படி ஒரு முடிவுக்கு வருவார் என்று எனக்குக் கொடுத்த பயிற்சியில் யாரும் சொல்லித்தரவில்லை.

இருளாயி நிறுத்தவில்லை. நேர்ந்துவிட்டதில் ஒளிவுமறைவு கூடாது என்பது அவர் நியாயம். ஊருக்கே கேட்கிற குரலில் எல்லாவற்றையும் சொன்னார். பெயர் பாண்டி. செல்லூரில் விசைத்தறிக்குப் போன இடத்தில் பழகிவிட்டான். வீட்டில் தண்ணீர் மொள்ள ஒரு சொம்புகூட மிஞ்சவில்லை. கட்டிப்போட்டுப் பார்த்தார், அவிழ்த்துக்கொண்டு ஓடினான். பிறகு அந்தக் கடைசி வார்த்தை.

"இப்பக்கூட இடுப்புல வச்சிருக்கான் சாமி, அந்தப் பவுடர. அதையும் சேத்து எடுத்துக்கங்க."

எஸ்.ஐ. எழுந்து நின்றார். பாண்டியின் கை வேட்டி முடிச்சுக்குப் போனது. புதுச் சட்டம் வந்திருந்த காலம், பொட்டலத்தோடு பிடித்தால் ஜெயில்தான், அதுவும் ஒன்றிரண்டு மாதமில்லை. அந்த உடம்போடு லாக்கப்பில் போட்டால் அவன் என்ன ஆவான் என்றும் எனக்குத் தெரியும். பிள்ளையைக் காப்பாற்றுவதாக நினைத்துத் தன் வாயாலேயே காட்டிக்கொடுத்துவிட்டது இருளாயிக்குப் புரியவே இல்லை. நிம்மதியான முகத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

சந்தியாகு ஒரு அடி முன்னால் வந்து பையனுக்கும் எஸ்.ஐ.க்கும் நடுவில் நின்றார். அன்றைக்கு முதல்முறையாக மீசையைத் தொடாமல் பேசினார். "சார், அந்தம்மா இவன ஒப்படைச்சது பட்டாளத்துட்ட. எங்க கையில இருக்கான்." இதற்குச் சட்டத்தில் ஒரு மதிப்பும் கிடையாது என்பது அவருக்கும் தெரியும், எஸ்.ஐ.க்கும் தெரியும். எஸ்.ஐ. எங்கள் இருவரையும் லாரிக்குப் பின்னால் கூப்பிட்டார். பாண்டியை ஜவான்கள் பிடித்துக்கொண்டார்கள்.

பொட்டலம் இருப்பதை ஊரே கேட்டுவிட்டது, கேட்காததுபோல் தான் எப்படிப் போவது என்றார் எஸ்.ஐ. நியாயமான கேள்வி. ஆனாலும் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

"இன்னைக்கு இவன நீங்க பிடிச்சீங்கன்னா, இனி எந்தத் தாயும் பிள்ளையக் கூட்டிட்டு வர மாட்டா சார். வீட்டுக்குள்ளயே வச்சுச் சாகவிடுவா."

எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அந்தத் தறிக்கூடத்துப் பையனை நினைத்தாரோ என்னவோ. வெளியே வந்து பாண்டியின் முன்னால் நின்று, இடுப்பில் இருப்பதைக் கீழே போடு என்றார். பாண்டி அம்மாவைப் பார்த்தான், சந்தியாகுவைப் பார்த்தான். அழுதுகொண்டே முடிச்சை அவிழ்த்தான். இரண்டு சின்னப் பொட்டலங்கள் மண்ணில் விழுந்தன. எஸ்.ஐ. குனிந்து எடுத்தார். "கண்மாய்க்கரையில கெடந்துச்சு. நான் எடுத்தேன்" என்று எங்களிடம் சொல்லிவிட்டு மறுபடி வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார். சரியோ தப்போ, அந்த மனிதருக்கு நான் இன்றும் மனதுக்குள் வணக்கம் வைக்கிறேன்.

இனி இருளாயியிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். சந்தியாகு பக்குவமாகத்தான் சொன்னார். பட்டாளத்தில் இப்படி எடுக்க மாட்டார்கள், இவனுக்கு உடம்பு சரியில்லை, பெரியாஸ்பத்திரியில் சேர்க்கலாம், குணமானதும் வீட்டுக்கு அனுப்புகிறோம் என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிய இருளாயி கடைசி வார்த்தைக்கு மட்டும் சட்டென்று நிமிர்ந்தார். "எங்க வேணாலும் கொண்டுபோங்க சாமி. எனக்குத் திருப்பி மட்டும் தந்துறாதீங்க. நேந்துவிட்டத வீட்ல சேக்கக் கூடாது." அவர் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. எனக்கு அந்த நிமிடம் அவர்மேல் கோபம் வந்தது. பிள்ளை என்ன ஆடா என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

சந்தியாகு விறைப்பாக நின்று, ஊருக்கே கேட்க, "பாண்டி, ஏறு வண்டியில" என்று கட்டளை போட்டார். பையன் ஏறினான். அவ்வளவுதான், வரிசை குலைந்தது. சட்டையில்லாத அத்தனை பேரும் லாரியைச் சூழ்ந்துகொண்டார்கள். இரண்டு மணி நேரமாக வெயிலில் நிற்கிறோம், மூக்கு ஒழுகிக்கொண்டு கடைசியில் நின்றவனை மட்டும் எடுத்துவிட்டீர்களே என்று ஒரே சண்டை. "அவன்ட்ட அப்படி என்னண்ணே இருக்கு, எங்ககிட்ட இல்லாதது?" என்று ஒருவன் ஏணியைப் பிடித்துக்கொண்டு கேட்டான். லாரி கிளம்பியும் ஒரு பர்லாங் தூரம் சர்டிபிகேட் பையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

திரும்பும் வழியில் நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். பாண்டி காலை முறித்துப் போடுவதுபோல் வலிக்கிறது என்று உருண்டான், இரண்டு முறை வாந்தியெடுத்தான், ஒத்தக்கடையில் லாரி மெதுவானபோது குதிக்கப் பார்த்தான். சந்தியாகு அவன் தலையை மடியில் வைத்து, மாலையைக் கழற்றி எறியாமல் தன் தோளில் போட்டுக்கொண்டு, காலை அமுக்கிவிட்டுக்கொண்டே வந்தார். எஸ்.ஐ. தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். இருட்டுவதற்குள் பெரியாஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். பாண்டி ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு முறை செல்லூருக்கு ஓடினான். இரண்டு முறையும் சந்தியாகு தேடிப்போய், "பட்டாளத்துட்ட ஒப்படைச்ச ஆளு நீ, லீவு சொல்லாமப் போகக் கூடாது" என்று அதட்டிக் கூட்டிவந்தார். எஸ்.ஐ. யூனிபார்ம் இல்லாமல் கொய்யாப்பழத்தோடு வார்டுக்கு வருவார், எதுவும் கேட்க மாட்டார். சில வாரம் கழித்துப் பாண்டியே அவரிடம் பவுடர் விற்றவனைப் பற்றிச் சொன்னான். அதன்பிறகு சந்தியாகு தன் மைத்துனருடைய அவனியாபுரம் வெல்டிங் பட்டறையில் அவனைச் சேர்த்துவிட்டார். லாரி ராணுவத்துக்குத் திரும்பியது, அவரும் மாற்றலாகிப் போனார். நான் கல்யாணமாகித் திருச்சிக்குப் போய்விட்டேன்.

இனி தகவல். மதுரையிலிருந்து ஒத்தக்கடை வழியாகக் காரில் முக்கால் மணி நேரம், சாலை இப்போது அருமை. மேலூர் வழியாகவும் வரலாம், சுற்று. பஸ் உண்டு, ஆனால் நேரம் கேட்டுக்கொண்டு ஏறுங்கள். மதியம் ஊர்ச் சிவன் கோயில் நடை சாத்தியிருக்கும், காலையிலேயே போய்விடுவது நல்லது. கண்மாயில் தண்ணீர் பார்க்க வேண்டுமென்றால் மார்கழி, தை. தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். போதை ஒழிப்பு வேலையாக ஊர் ஊராகப் போகிற தம்பி தங்கைகள் சிலர் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். உங்களுக்கு என் ஒரே யோசனை: பிடிக்கிறவர்களையும் கைகொடுக்கிறவர்களையும் ஒரே வண்டியில் ஏற்றாதீர்கள். எல்லா எஸ்.ஐ.யும் அந்த எஸ்.ஐ. இல்லை.

ஊருக்குள் போனால் கண்மாய்க்கரைப் பக்கம் "பட்டாளத்தார் வீடு" எது என்று கேட்டுப் பாருங்கள், சின்னப்பிள்ளையும் கைகாட்டும். நானும் போன மாதம் அப்படித்தான் போனேன். பாண்டிதான் கதவைத் திறந்தார், தலை முழுக்க நரை. ஒரு நாள்கூடப் பட்டாளத்தில் இருக்காத அவரை ஊர் இன்றுவரை அப்படித்தான் கூப்பிடுகிறது. அன்று சட்டையில்லாமல் லாரிக்குப் பின்னால் ஓடிவந்தவர்கள் வைத்த பெயர். அவர் மனைவி கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே மிச்சக் கதையைக் கேட்டேன்.

அவனியாபுரத்திலிருந்து வருஷத்துக்கு ஒரு முறை அம்மாவைப் பார்க்க வருவாராம். இருளாயி வாசலிலேயே இலை போட்டுச் சோறு போடுவார், வீட்டுக்குள் விட மாட்டார். ராத்திரி படுக்கக் கோயில் மண்டபம். ஆஸ்பத்திரிக்கும் ஒரு தடவை வந்தவர் அவர், மகன் வெல்டிங் வைக்கிறான் என்பதும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் கேட்கிற கேள்வி ஒன்றுதான், "எம்புட்டு நாளுப்பா லீவு?" இவரும் இரண்டு நாள், மூன்று நாள் என்று ஏதாவது சொல்வார். பட்டாளத்தில் பதினைந்து வருஷம் முடித்தால்தான் பென்ஷன் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று சந்தியாகு ஒருமுறை பேச்சுவாக்கில் சொன்னதை இவர் மனதில் வைத்திருந்தார். பதினைந்து வருஷமும் பவுடரைத் தொடவில்லை. அது முடிந்த வருஷம் வந்தபோது வழக்கம்போல் அம்மா வாசலில் இலையைப் போட்டுவிட்டு லீவு எத்தனை நாள் என்று கேட்டிருக்கிறார். "லீவு இல்லம்மா. சர்வீசு முடிஞ்சிருச்சு, அனுப்பிட்டாங்க" என்று இவர் சொல்லியிருக்கிறார். இருளாயி வாசலில் போட்ட இலையைக் கையில் எடுத்துக்கொண்டு, "அப்ப உள்ள வா" என்றாராம்.